ஒரு பந்தும் ஓர் ஊரும்

சனிக்கிழமை என்றால் உங்கள் வீட்டில் என்ன விசேஷம்? ஆண்பிள்ளைகளுக்கு எண்ணெய் ஸ்நானம். அதற்குப் பொருத்தமாக ஒரு மிளகு ரசம். பிற்பகலில் ஒரு குட்டித் தூக்கம். அவ்வளவுதானே? அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. பெரும்பாலும் சோளக் கொல்லைகளும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த சமவெளி. அங்கே இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை என்றால், பொழுது விடிவதற்கு முன்பே வீட்டில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். பாட்டி சிவப்புச் சட்டை போட்டுக்கொள்வாள். தாத்தா சிவப்புத் தொப்பி வைத்துக்கொள்வார். கைக்குழந்தைக்கும் சிவப்பில் ஒரு கவுன். நூறு மைல், இருநூறு மைல் தூரத்திலிருந்துகூட மோட்டார் வண்டிகள் சாரி சாரியாக லிங்கன் நகரத்தை நோக்கிப் புறப்படும்.

என்ன திருவிழா, எந்த சாமி என்று கேட்கிறீர்களா? சாமியும் இல்லை, பூதமும் இல்லை. அந்த ஊர்ச் சர்வகலாசாலைப் பையன்கள் அன்றைக்குப் பந்து விளையாடுகிறார்கள். அவ்வளவுதான் சங்கதி!

லிங்கன் நகரத்தில் உள்ள மெமோரியல் மைதானம் 1923-ல் திறக்கப்பட்டது. இன்று அதில் சுமார் எண்பத்தையாயிரம் பேர் உட்காரலாம். நெப்ராஸ்காவில் அதைவிடப் பெரிய ஜனத்தொகை உள்ள ஊர்கள் இரண்டே இரண்டுதான்: ஒன்று ஒமாஹா; மற்றொன்று லிங்கன் நகரமேதான். அதனால், ஆட்டம் நடக்கிற தினத்தில் அந்த ராஜ்யத்தின் மூன்றாவது பெரிய பட்டணம் அந்த மைதானம்தான் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். சாயங்காலம் ஆனால் அந்தப் பட்டணம் கலைந்துவிடும். மறுபடி ஆட்டம் வரும்போது முளைத்துவிடும்!

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 1962-ஆம் வருஷம் நவம்பர் 3-ஆம் தேதியிலிருந்து அந்த மைதானத்தில் நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட்டுகள் பூராவும் விற்றுப் போயிருக்கின்றன. கொள்ளை நோய் காரணமாக ஜனங்களை உள்ளே விடாத 2020-ஆம் வருஷத்தை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றபடி நானூறு ஆட்டங்களுக்கு மேல் ஆகிவிட்டன. அறுபது வருஷம் என்பது லேசா? 1962-ல் தகப்பன் மடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த குழந்தை இன்று பேரன் பேத்தியை அழைத்துக்கொண்டு வருகிறது.

ஜெயித்துக்கொண்டே இருந்தால் கூட்டம் வரத்தான் செய்யும் என்று நினைப்பீர்கள். நெப்ராஸ்கா 1970, 1971, 1994, 1995, 1997 ஆகிய வருஷங்களில் தேசத்திலேயே முதல் கோஷ்டி என்ற பட்டத்தை அடைந்தது வாஸ்தவம். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பட்டம் வரவே இல்லை. 2017 முதல் 2023 வரையில் ஏழு வருஷம், ஒவ்வொரு வருஷமும் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். அப்போதும் மைதானம் சிவப்பாகத்தான் இருந்தது. சில சமயம் கடைசி நேரத்தில் மீந்துபோன டிக்கெட்டுகளைப் பணக்கார அபிமானிகள் வாங்கி, 'எங்கள் ஊர்க் கணக்கு அறுந்து போகக்கூடாது' என்று காப்பாற்றியதும் உண்டு. மானத்தைக் காப்பாற்றுவதில் நம் ஊர் மாமிகள் மட்டுமா கெட்டிக்காரர்கள்?

*

இதற்கு மேல் போகுமுன், இது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் 'புட்பால்'. ஆனால் பந்து உருண்டையாக இராது. இரண்டு பக்கமும் கூராக, உரித்த தேங்காய்க்கு மெருகு கொடுத்தது போல இருக்கும். காலால் உதைப்பது கொஞ்சம். கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் வீசி எறிவதும்தான் அதிகம். ஒருவன் பந்தோடு ஓடுவான். எதிர்க்கட்சிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். தலைக்குக் கவசம், தோளுக்குக் கவசம் எல்லாம் உண்டு. அவ்வளவு இருந்தும் அடிபடுவார்கள்.

இரண்டு கலாசாலைகளுக்கு இடையில் இந்த ஆட்டம் முதல் முதலாக நடந்தது 1869-ஆம் வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி. நியூ ஜெர்ஸியில் ரட்கர்ஸ் கலாசாலையும் பிரின்ஸ்டன் கலாசாலையும் மோதின. ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். ரட்கர்ஸ் ஆறுக்கு நாலு என்று ஜெயித்தது. அன்றைய ஆட்டத்துக்கும் இன்றைய ஆட்டத்துக்கும் அதிக ஒற்றுமை கிடையாது. ஆனால் 'எங்கள் கலாசாலை, உங்கள் கலாசாலை' என்ற அந்த ரோஷம் மட்டும் அன்று பிறந்தது பிறந்ததுதான்.

சரி, கலாசாலைப் பையன்கள் விளையாடினால் கலாசாலைக்காரர்கள் பார்க்கட்டும். மளிகைக் கடைக்காரரும், தபால்காரரும், ஒரு நாள்கூடக் கலாசாலை வாசற்படியை மிதிக்காத விவசாயியும் எதற்காக உயிரை விடவேண்டும்?

இதற்குக் காரணம் இருக்கிறது. 1862-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் சர்க்கார் நிலம் கொடுப்பது. அதை விற்று வரும் பணத்தில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லிக்கொடுக்கும் கலாசாலைகளை நடத்துவது. இந்த ஏற்பாட்டினால் பெரிய பெரிய கலாசாலைகள் பட்டணங்களில் இல்லாமல் சின்னச் சின்ன ஊர்களில் தோன்றின. ஊருக்குள் கலாசாலை என்பது போய், கலாசாலையைச் சுற்றி ஊர் என்று ஆயிற்று. கலாசாலைதான் ஊருக்கு வேலை கொடுக்கிறது, ஆஸ்பத்திரி நடத்துகிறது, கடைகளுக்கு வியாபாரம் தருகிறது.

அதோடு இன்னொன்று. அந்த நாட்டில் சம்பளத்துக்கு விளையாடும் பெரிய கோஷ்டிகள் பெரும்பாலும் நியூயார்க், சிக்காகோ போன்ற மகாநகரங்களில் இருக்கின்றன. நெப்ராஸ்காவுக்கும் அலபாமாவுக்கும் அப்படி ஒரு பெரிய கோஷ்டி கிடையாது. பத்திரிகையில் அந்த ஊர்களின் பெயர் கொட்டை எழுத்தில் வருவது அநேகமாகப் புயல் அடித்தால், அல்லது கலாசாலைப் பையன்கள் ஜெயித்தால். புயலைவிட இது மேல் அல்லவா?

ஆகவே 'நாங்கள் ஜெயித்தோம்' என்று சொல்லுகிறார்கள். 'அவர்கள் ஜெயித்தார்கள்' என்று யாரும் சொல்வதில்லை. அந்த 'நாங்கள்' என்ற ஒரு வார்த்தையிலேதான் ஊர் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

*

வீட்டுப் பெண்களுக்கு இதிலே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. நிறைய இருக்கிறது, அம்மா!

ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே குடும்பம் குடும்பமாக மைதானத்தின் பக்கத்தில் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வண்டியின் பின்பக்கத்துக் கதவை இறக்கி, அதையே மேஜையாக்கி, அடுப்பை மூட்டிவிடுகிறார்கள். இதற்கு 'டெயில்கேட்' என்று பெயர். வருஷா வருஷம் அதே இடம். பக்கத்தில் அதே குடும்பம். பத்து வருஷம், இருபது வருஷம் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் சமைத்தவர்கள் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். போன வருஷம் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெண் இந்த வருஷம் கலாசாலையில் சேர்ந்திருப்பாள். எப்போதும் வருகிற தாத்தா இந்த வருஷம் வந்திருக்கமாட்டார். அவருடைய நாற்காலியை மட்டும் கொண்டுவந்து போட்டிருப்பார்கள்.

பருவம் முழுவதுக்குமான ஆசனச் சீட்டுகளைக் குடும்பச் சொத்தாகவே நினைப்பவர்கள் உண்டு. உயில் எழுதும்போது, வீடு யாருக்கு, நிலம் யாருக்கு என்பதோடு, மைதானத்தில் நாலு ஆசனம் யாருக்கு என்றும் எழுதிவைக்கிறார்கள். புருஷனும் மனைவியும் விவாகரத்துச் செய்துகொள்ளும்போது இந்தச் சீட்டுகளுக்காகக் கோர்ட்டிலே வாதாடியதும் உண்டு. வைரத் தோட்டைக்கூட விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள் போலிருக்கிறது!

பெண்கள் சமைப்பதோடு நிற்கவில்லை. 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 30-ஆம் தேதி அதே லிங்கன் மைதானத்தில் கலாசாலைப் பெண்களின் வாலிபால் ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். நெப்ராஸ்காப் பெண்களும் ஒமாஹாப் பெண்களும் ஆடினார்கள். வந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? 92,003 பேர்! புட்பாலுக்காகக் கட்டிய அந்த மைதானம், எந்தப் புட்பால் ஆட்டத்திலும் பார்த்திராத கூட்டத்தை அன்றைக்குப் பார்த்தது. பாட்டன் காலத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கை தட்டிப் பழகிய ஊர், பெண்களுக்கும் அதே கையைத் தட்டிற்று.

இதைக் காட்டிலும் என் மனத்தைத் தொட்ட சங்கதி பக்கத்து ராஜ்யமான அயோவாவில் நடப்பது. அயோவா நகரத்து மைதானத்துக்கு நைல் கின்னிக் என்ற ஆட்டக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1939-ல் தேசத்தின் மிகச் சிறந்த கலாசாலை ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கிய பையன். 1943-ல் கடற்படை விமானப் பயிற்சியின்போது உயிர் துறந்தார். அந்த மைதானத்துக்கு எதிரே சர்வகலாசாலையின் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2017-ல் திறந்த புதுக் கட்டடம். மேல் மாடி ஜன்னல்களிலிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரியும். புற்றுநோயும் இருதய வியாதியுமாகப் படுத்திருக்கும் குழந்தைகள் சக்கர நாற்காலியில் வந்து அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள்.

அந்த வருஷம் அபிமானி ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் எல்லோருமாகத் திரும்பி அந்தக் குழந்தைகளுக்குக் கை காட்டினால் என்ன? அன்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் அது நடக்கிறது. சுமார் எழுபதாயிரம் பேர், ஆட்டக்காரர்கள், எதிர்க் கோஷ்டிப் பையன்கள், விசில் ஊதுகிற நடுவர்கள் எல்லாரும் ஆட்டத்தை மறந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்கள். மாடியிலிருந்து குழந்தைகளும் கையை ஆட்டுகின்றன. இதற்கு டிக்கெட் இல்லை. வெற்றி தோல்வி இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில், ஒரு தாயாருக்கு, தன் குழந்தையின் பாரத்தைத் தன்னோடு சேர்ந்து எழுபதாயிரம் பேர் தாங்குகிறார்கள் என்று தோன்றாதா?

*

இனி நான் சொல்லப்போவது துக்கமான கதை. ஆனால் ஊர்ப் பாசம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு கதை வேண்டாம்.

மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில், ஒஹையோ நதிக்கரையில் ஹண்டிங்டன் என்று ஓர் ஊர். 1970-ல் அங்கே ஜனத்தொகை எழுபதினாயிரத்துச் சொச்சம். ஊரிலே மார்ஷல் சர்வகலாசாலை. அந்த வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி, சனிக்கிழமை, மார்ஷல் பையன்கள் வட கரோலினாவுக்குப் போய் விளையாடி, 17-க்கு 14 என்ற கணக்கில் தோற்றார்கள். தோற்றால் என்ன, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகாய விமானத்தில் ஊர் திரும்பினார்கள். மழையும் மூட்டமுமான ராத்திரி. விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் வந்துவிட்ட விமானம் குன்றிலே மோதி விழுந்து எரிந்துபோயிற்று. அதிலிருந்த எழுபத்தைந்து பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

முப்பத்தேழு ஆட்டக்காரர்கள். எட்டுப் பயிற்சியாளர்களும் கலாசாலை உத்தியோகஸ்தர்களும். ஐந்து விமானச் சிப்பந்திகள். மீதி இருபத்தைந்து பேர் யார் தெரியுமா? ஊர் மனிதர்கள். டாக்டர்கள், வியாபாரிகள், நகரசபை அங்கத்தினர், தம்பதிகளாகப் போனவர்கள். பையன்களுக்கு உற்சாகம் ஊட்டுவதற்காகக் கூடவே போனவர்கள். அன்றிரவு எழுபது குழந்தைகள் தாயையோ தகப்பனையோ இழந்தார்கள். அவர்களில் பதினெட்டுப் பேருக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்று ஆகிவிட்டது. இறந்த ஆட்டக்காரர்களில் ஆறு பேரை அடையாளம் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஊருக்கு மேலே மேட்டில் உள்ள ஸ்பிரிங் ஹில் மயானத்தில் அந்த ஆறு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இதற்குப் பிறகு பந்தாட்டம் எதற்கு, போதும் என்று பேச்சு எழுந்தது. எழாமல் இருக்குமா? சாவு வீட்டில் மறுபடி மேளம் கொட்டுவார்களா? ஆனால் காயத்தினாலோ வேறு காரணத்தாலோ அன்று விமானத்தில் போகாமல் தப்பிய சில பையன்கள் இருந்தார்கள். ஊர்க்காரர்களும் இருந்தார்கள். 'ஆட்டத்தை நிறுத்திவிட்டால், போனவர்கள் இரண்டாம் தடவை போனதாக ஆகும்' என்கிற மாதிரியான ஓர் எண்ணம் மெள்ள மெள்ள வலுவடைந்தது. ஜாக் லெங்யெல் என்ற புதுப் பயிற்சியாளர் வந்தார். முதல் வருஷ மாணவர்கள் பெரிய கோஷ்டியில் ஆடக்கூடாது என்பது அந்நாளைய விதி. மார்ஷலுக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். மீசை முளைக்காத பையன்களையும் மற்ற விளையாட்டுகளிலிருந்து வந்தவர்களையும் கொண்டு ஒரு கோஷ்டி தயாராயிற்று.

1971-ஆம் வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி, விபத்துக்குப் பிறகு சொந்த ஊரில் முதல் ஆட்டம். எதிரே ஸேவியர் சர்வகலாசாலை. யாரும் ஜெயிப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆட வந்ததே போதும் என்றுதான் ஊர் நினைத்தது. கடைசி நிமிஷம் அல்ல, கடைசி விநாடியில், கடைசி ஓட்டத்தில், மார்ஷல் 15-க்கு 13 என்று ஜெயித்தது!

கதையாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். நிஜ வாழ்க்கையில் அப்படிப் போட முடிவதில்லை. அந்த வருஷம் மார்ஷல் ஜெயித்தது இரண்டே ஆட்டம், தோற்றது எட்டு. அதன் பிறகும் தோல்விதான். வருஷத்தில் தோற்றதைவிட ஜெயித்தது அதிகம் என்று சொல்ல 1984 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. பதின்மூன்று வருஷம்! அத்தனை வருஷமும் ஊர் தன் பிள்ளைகளைக் கைவிடவில்லை. 1992-லும் 1996-லும் தங்கள் பிரிவில் தேசத்திலேயே முதலிடம் பெற்றார்கள். இரண்டு தடவையும் இறுதி ஆட்டம் ஹண்டிங்டனிலேயே, தங்கள் சொந்த மைதானத்திலேயே நடந்தது.

கலாசாலை நடுவே ஒரு நீரூற்று வைத்திருக்கிறார்கள். 1972-ல் திறந்தது. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 14-ஆம் தேதி ஊர் அங்கே கூடுகிறது. எழுபத்தைந்து பெயர்களையும் படிக்கிறார்கள். பிறகு நீரூற்றின் குழாயை மூடுகிறார்கள். தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது. வசந்த காலம் வரையில் அது மௌனமாகவே இருக்கும். பிறகு மறுபடியும் திறப்பார்கள். 1970-ல் பிறந்தேயிராத பையன்களும் பெண்களும் அங்கே வந்து தலை குனிந்து நிற்கிறார்கள். அவர்களுடைய சொந்தக்காரர் யாரும் அந்த விமானத்தில் போகவில்லை. ஆனாலும் துக்கம் அவர்களுடையதுதான்.

*

இவ்வளவு பெருமையைச் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பாசம் என்பது கத்தி மாதிரி. காய் நறுக்கவும் உதவும், கையை வெட்டவும் வெட்டும்.

அலபாமா ராஜ்யத்தில் இரண்டு பெரிய கலாசாலைகள்: டஸ்கலூஸாவில் அலபாமா சர்வகலாசாலை, ஆபர்ன் என்ற ஊரில் ஆபர்ன் சர்வகலாசாலை. 1893-ல் தொடங்கிய போட்டி. 1907-ல் ஆட்டக்காரர்களின் படிச் செலவு எவ்வளவு, நடுவர் எங்கிருந்து வருவது என்று ஒரு தகராறு. சம்பந்திச் சண்டை போல அது நீண்டுகொண்டே போய், நாற்பத்தோரு வருஷம் இரண்டு கோஷ்டியும் ஒன்றோடொன்று ஆடவே இல்லை! 1948-ல் சமாதானமாகி, சண்டை தீர்ந்ததற்கு அடையாளமாக ஒரு கைக்கோடாலியைப் பூமியில் புதைத்துவிட்டு ஆடத் தொடங்கினார்கள். கோடாலி புதைந்தது, கோபம் புதையவில்லை.

ஆபர்ன் ஊரில் டூமர் முனை என்ற நாற்சந்தியில், இரண்டு ஓக் மரங்கள் இருந்தன. ஜெயித்த தினங்களில் ஜனங்கள் அங்கே கூடி, வெள்ளைக் காகிதச் சுருள்களைக் கிளைகளின் மேல் வீசி, மரம் முழுவதும் பனி பெய்தாற்போல் ஆக்கிவிடுவார்கள். 2010 நவம்பரில் ஆபர்ன், இருபத்துநாலு புள்ளி பின்தங்கியிருந்து, கடைசியில் 28-க்கு 27 என்று அலபாமாவை வென்றது. அதைத் தாங்க முடியாத ஓர் அலபாமா அபிமானி, ராத்திரி வேளையில் வந்து அந்த மரங்களின் வேரில் விஷ மருந்தைக் கொட்டினார். கொட்டியதோடு நிற்காமல், 2011 ஜனவரியில் ரேடியோ நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன் செய்து தாமே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அந்த மனிதர் போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதுதான் வேடிக்கை! மரங்களைக் காப்பாற்ற என்னென்னவோ செய்தும் முடியாமல் 2013-ல் வெட்டிவிட்டார்கள். அவருக்குச் சிறைவாசம் கிடைத்தது.

ஆனால் இதையும் கேளுங்கள். மரங்களைக் காப்பாற்றுவதற்கு முதலில் பணம் திரட்டியவர்களில் அலபாமா கட்சி அபிமானிகளும் இருந்தார்கள். 'எங்கள் ஆள் செய்த பாவம் எங்கள் பொறுப்பு' என்று நினைத்தார்கள். பாசத்துக்கும் வெறிக்கும் நடுவே உள்ள கோடு அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோட்டை இன்னும் கடுமையாகச் சோதித்த ஊர் ஒன்று உண்டு. பென்ஸில்வேனியாவில் 'ஸ்டேட் காலேஜ்' என்றே பெயர் கொண்ட ஊர். ஜனத்தொகை நாற்பதாயிரம், மைதானத்திலோ ஒரு லட்சத்து ஆறாயிரம் பேருக்கு இடம்! ஜோ பட்டர்னோ என்ற பயிற்சியாளர் 1966 முதல் 2011 வரையில் நாற்பத்தாறு பருவம் அங்கே கோஷ்டியை நடத்தினார். படிப்பும் முக்கியம் என்று வற்புறுத்தியவர். கலாசாலைப் புத்தகசாலைக்குப் பணம் கொடுத்தவர். ஊர் அவருக்குச் சிலை வைத்தது.

2011 நவம்பரில், அவரிடம் நெடுங்காலம் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜெரி ஸாண்டஸ்கி, பல வருஷங்களாகச் சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக வழக்கு வந்தது. 2012 ஜூனில் நாற்பத்தைந்து குற்றங்கள் ருசுவாயின. 2001-லேயே பட்டர்னோவின் காதுக்கு ஒரு புகார் வந்தது. அவர் அதை மேலதிகாரிகளிடம் சொன்னார், போலீஸுக்குப் போகவில்லை. கலாசாலையே நியமித்த விசாரணை, பெரியவர்கள் விஷயத்தை மறைத்தார்கள் என்று சொல்லிற்று. பட்டர்னோ குடும்பத்தார் அதை மறுத்தார்கள்.

நவம்பர் 9-ஆம் தேதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அன்றிரவு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து கலவரம் செய்தார்கள். செய்தி நிறுவனத்தின் வண்டி ஒன்றைக் குப்புறத் தள்ளினார்கள். அவர்கள் குரல் கொடுத்தது பயிற்சியாளருக்காக. பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக அல்ல. ஆனால் இரண்டு நாள் கழித்து அதே ஊரில், அதே மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கையில் மெழுகுவத்தி ஏந்தி, அந்தச் சிறுவர்களை நினைத்து மௌனமாக நின்றார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் சிலையை அகற்றினார்கள்.

பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'நம் ஊர், நம் மனிதர், நம் மானம்' என்று மூடி மறைக்கிற இடத்தில்தான் குழந்தைகளுக்கு ஆபத்து வருகிறது. குடும்பத்துக்கும் இது பொருந்தும் அல்லவா?

*

கடைசியாக, இன்றைய நிலைமை. முன்பெல்லாம் கலாசாலை ஆட்டக்காரர்களுக்குப் படிப்புச் செலவு தவிரச் சம்பளம் கிடையாது. மைதானம் நிரம்பி வழியும். பயிற்சியாளர் லட்சம் லட்சமாக வாங்குவார். ஓடி அடிபடுகிற பையனுக்கு ஒன்றும் இராது. 2021 ஜூலை முதல், தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து அவர்கள் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. 2025 ஜூனில் கோர்ட்டு அங்கீகரித்த ஓர் ஒப்பந்தப்படி, கலாசாலைகளே நேரிடையாகப் பணம் கொடுக்கலாம். ஒரு கலாசாலையை விட்டு இன்னொன்றுக்குப் போவதும் சுலபமாகிவிட்டது. இந்த வருஷம் நம் பையன். அடுத்த வருஷம் எதிரிக் கட்சியில்!

உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பது நியாயம். அதை யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஆனாலும் ஊர்க்காரர்களின் மனத்திலே ஒரு சிறு கலக்கம்: பையன்கள் வந்து போகும் வாடகைக்காரர்களாகிவிட்டால், 'நாங்கள்' என்ற வார்த்தை என்ன ஆகும்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பையன்கள் என்றைக்குமே அநேகமாக நாலைந்து வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. புக்ககம் போகும் பெண்ணைப் போல அவர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். தங்கியது ஊர்தான். அந்த ஊருக்கும் புத்தி இல்லாமல் போய்விடவில்லை. நெப்ராஸ்காவில் இருபத்தைந்து வருஷம் பயிற்சியாளராக இருந்து மூன்று தடவை தேசப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் டாம் ஆஸ்பர்ன். அபிமானத்தோடு அவரைக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவரே 2006-ல் கவர்னர் பதவிக்கு நிற்க விரும்பியபோது, கட்சிக்குள் நடந்த தேர்தலில் இன்னொருவருக்கு வோட்டுப் போட்டு அவரைத் தோற்கடித்தார்கள். கை தட்டுவது வேறு, வோட்டுப் போடுவது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பந்து ஒரு சாக்குதான், சகோதரிகளே. வருஷத்தில் ஏழெட்டுச் சனிக்கிழமை ஒன்றாகச் சமைக்கவும், ஒன்றாகக் கத்தவும், ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்து ஒன்றாகக் கை ஆட்டவும், தேவைப்பட்டால் ஒன்றாக அழவும் ஓர் ஊருக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. ஊரென்று ஒன்று உண்டாவதே அப்படித்தான். அந்த ஒற்றுமை எதைக் காப்பாற்றுகிறது என்பதை மட்டும் அடிக்கடி கவனித்துக்கொள்ள வேண்டும்: சிலையையா, குழந்தையையா?

இதைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டிலோ தெருவிலோ எல்லாரும் 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ள என்ன சாக்கு இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். இருந்தால் அதைப் பத்திரமாகக் காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால், வருகிற சனிக்கிழமை ரசத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுங்கள்!